பத்துக்கு இடமில்லை

வாருங்கள் தம்பி, உள்ளே வாருங்கள். கதவு தட்டும் சத்தம் கேட்டதும் வேறு ஆள் என்று நினைத்துவிட்டேன், அதனால்தான் அப்படிப் பாய்ந்து வந்து திறந்தேன். பயந்துவிட்டீர்களோ? வீடு பார்க்க வந்தேன் என்கிறீர்கள். ம். பார்க்கலாம். பார்ப்பதற்கு என்ன.

இது ஹால். அது படுக்கையறை. தண்ணீருக்குக் கஷ்டம் கிடையாது, ஆற்றுத் தண்ணீர். காற்று நன்றாக வரும். அந்த ஜன்னலை மட்டும்...

திறந்துவிட்டீர்கள். சரி, போகட்டும். திறந்தால் கண்ணில் படத்தான் செய்யும். எதிர்க் கட்டடத்தின் நெற்றியில் அவ்வளவு பெரிய ஸ்டீல் எழுத்து. 12345678987654321. போன் நம்பரா என்று கேட்கிறீர்கள். பால்காரரும் அதையேதான் கேட்டார். பதினேழு இலக்கத்தில் எந்த ஊரில் தம்பி போன் நம்பர் இருக்கிறது?

மேலே பெயரைப் படியுங்கள். 'பகு கணிதக் கூடம்.' டியூஷன் சென்டர். நடத்துபவர் அருமைநாயகம். என்னுடைய நண்பர். நண்பராக இருந்தவர். ஆறாம் வகுப்பிலிருந்து நண்பர்.

எண் அழகாக இருக்கிறதா? ஒன்றிலிருந்து ஒன்பது வரை ஏறி, மறுபடி ஒன்று வரை இறங்குகிறது, அழகுதான். திருட்டு நகையும் கழுத்தில் போட்டால் அழகாகத்தான் இருக்கும். அந்த எண்ணின் வயிற்றைக் கிழித்து உள்ளே இருந்த பத்தை உருவி எடுத்திருக்கிறார்கள், அது உங்களுக்குத் தெரியாது. ஒன்பதுக்கு மேல் இன்னொரு படி ஏற வேண்டும். பத்து. பத்தைத் தொட்டுவிட்டு, பிறகு ஒன்பது, எட்டு என்று இறங்க வேண்டும். 12345678910987654321. இருபது இலக்கம். அது பகா எண் தம்பி. ஒன்றையும் தன்னையும் தவிர வேறு எதற்கும் வகுபடாது. தேவாதி தேவன் வந்து வகுத்தாலும் மீதி வரும். எதிரே தொங்குகிறதே, அது என்ன எண்? இலக்கங்களைக் கூட்டுங்கள், எண்பத்தொன்று. மூன்றுக்கு வகுபடும், ஒன்பதுக்கு வகுபடும், முப்பத்தேழுக்கு வகுபடும். போகிறவன் வருகிறவனெல்லாம் வகுத்துவிட்டுப் போகலாம். சத்திரம்.

உட்காருங்கள். அவசரமில்லையே? இந்த வீட்டை ஏன் விடுகிறேன் என்று நாளைக்கு நீங்களே கேட்பீர்கள். அதற்கு இப்போதே சொல்லிவிடுகிறேன்.

எங்கள் பள்ளிக்கூடம் தமிழ் மீடியம். ஆறாம் வகுப்பில் பகா எண், பகு எண் என்று ஒரு பாடம் வந்தது. நானும் நாயகமும் எங்கே போனாலும் ஒன்றாகப் போகிறவர்கள். பையன்கள் பிடித்துக்கொண்டார்கள். "ஏலே, இவனுக ரெண்டு பேரும் பகா எண்ணுலே, பிரிக்க முடியாது" என்றார்கள். பட்டப்பெயரே ஆகிவிட்டது. என்னைக் கூப்பிட்டாலும் பகா, அவனைக் கூப்பிட்டாலும் பகா.

அதில் வேடிக்கை என்னவென்றால், நாயகத்துக்கு அந்தச் சொல்லே வராது. பகா, பகு. ஒரு துணைக்கால்தான் வித்தியாசம். பரீட்சையில் காலை விட்டுவிட்டு, கீழே ஒரு வாலைச் சுழித்து, பகு என்று எழுதி வைப்பான். நான் எட்டிப் பார்த்துக் காதோடு சொல்வேன், "காலைப் போடுலே." பதறிப்போய்த் திருத்துவான். நான் இல்லாவிட்டால் அவன் கணக்கு வாத்தியாராகவே ஆகியிருக்க மாட்டான். இதை நான் பெருமைக்குச் சொல்லவில்லை. அவனிடமே எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன்.

காலேஜில் நான் ஆங்கிலத்துக்கு மாறினேன். அங்கே பிரைம் நம்பர் என்றார்கள். பிரைம் என்றால் என்ன? முதன்மையானது. அவ்வளவுதான். அந்தச் சொல்லில் பிரிவைப் பற்றி ஒரு பேச்சும் கிடையாது. பகா என்று சொன்னால்தான் அதற்குள் ஒரு சத்தியம் இருக்கிறது, பிரியமாட்டேன் என்று. இரண்டு மொழியிலும் படித்தவனுக்குத்தான் இது உறைக்கும். நாயகம் கடைசி வரை தமிழிலேயே படித்து, தமிழிலேயே சொல்லிக்கொடுத்து, உள்ளூர்ப் பள்ளிக்கூடத்திலேயே இருந்துவிட்டான். நான் போட்ஸ்வானா போனேன். ஆப்பிரிக்காவில், தெற்கே. அங்கே இருபது வருடத்துக்கு மேல் கணக்கு வாத்தியார் வேலை.

போகும்போதே பேச்சு. கொஞ்ச காலம் இருந்துவிட்டு வந்துவிடுவேன், வந்ததும் இரண்டு பேரும் சேர்ந்து ஒரு கணிதக் கூடம். பேர்கூட நான்தான் வைத்தேன். 'பகா கணிதக் கூடம்.' அடுத்த வருடம் வந்துவிடுகிறேன் என்று ஒவ்வொரு வருடமும் தவறாமல் சொல்லியிருக்கிறேன் தம்பி. ஒரு வருடம்கூடச் சொல்லாமல் விட்டது கிடையாது. ஒப்பந்தத்தை நீட்டி நீட்டிக் கொடுத்தால் நான் என்ன செய்ய? ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும் போன் போட்டுவிடுவேன். நான் பேசுவேன், அவன் ம் போடுவான். அருமையாக ம் போடுவான். அந்த மாதிரி ம் போடுகிற ஆள் இந்த உலகத்தில் கிடையாது.

இந்த எண்ணை நான் எப்படிப் பிடித்தேன் என்று கேளுங்கள். எனக்கு முன்னால் எவனாவது கண்டுபிடித்திருப்பான், அது வேறு. எனக்கு அது என்னுடையது. ஒன்று வரை ஏறி இறங்கினால் வெறும் 1, அதை விடுங்கள். இரண்டு வரை ஏறி இறங்கு, 121. மூன்று வரை, 12321. எல்லாம் வகுபடுகிற எண். ஒன்பது வரைக்கும் அதே கதைதான். பத்து வரை ஏறிப் பார்த்தால் என்ன என்று தோன்றியது. பள்ளிக்கூடக் கம்ப்யூட்டரில் ஒரு புரோகிராம் எழுதி ஓடவிட்டேன். முந்நூற்று ஐம்பது கோடிக்கு மேல் வரைக்கும் வகுத்து வகுத்துப் பார்க்க வேண்டும். பார்த்துவிட்டு, ஒன்றும் வகுக்கவில்லை என்று அது சொன்னதே, அப்போது எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. ஒன்பது படி ஏறியும் கிடைக்காதது, இன்னும் ஒரே ஒரு படி ஏறினதும் கிடைத்துவிட்டது.

ஞாயிறு வரைக்கும் பொறுக்க முடியுமா? உடனே நாயகத்துக்குப் போன் போட்டேன். "ஆஸ்பத்திரியில இருக்கேன் வேதம், எஸ்தருக்கு ஸ்கேன் எடுக்காங்க" என்றான். வேதம் நான்தான், வேதமாணிக்கம். எஸ்தர் அவன் மனைவி. "சரி சரி, ஒரு நிமிசந்தான், எழுதிக்கோ" என்று இருபது இலக்கத்தையும் சொன்னேன். திருப்பிச் சொல்லச் சொன்னேன். ஒரு இடத்திலும் தப்பாமல் சொன்னான். பிறகு இதுதான் நம் கூடத்தின் எண் என்றேன். ஏறுகிற ஒன்பது நீ, இறங்குகிற ஒன்பது நான், நடுவில் நிற்கிற பத்து நாம் இரண்டு பேரும். ம் என்றான். எஸ்தருக்கு என்ன ஸ்கேன் என்று அன்றைக்குக் கேட்க விட்டுப்போயிற்று. எவ்வளவு சந்தோஷத்தில் இருந்திருப்பேன், பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த லீவில் வந்தபோது அவன் வீட்டுத் தரையில் சாக்பீஸால் எழுதிக் காட்டினேன். எஸ்தர் நல்ல வாய்க்காரி. கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தபடியே, "பத்துதான் நீங்க ரெண்டு பேருங்கீங்க. அதுல யாரு அண்ணே ஒண்ணு, யாரு சைபரு?" என்றாள். நான் சிரித்துவிட்டேன். "எஸ்தர், நாயகம்தான் சைபர். சைபர் பக்கத்துல நின்னாத்தானே ஒண்ணுக்கு மதிப்பு!" என்றேன். எவ்வளவு உயர்வாகச் சொல்லியிருக்கிறேன், பாருங்கள். நாயகம் அடுப்படியில் டீ ஆற்றிக்கொண்டிருந்தான். அவனும் சிரித்தான். சிரித்தான் என்றுதான் நினைக்கிறேன், முதுகுதான் தெரிந்தது.

டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுச் சொன்னான்: "ஒன் எண்ணக் கூட்டிப் பாத்தேன் வேதம். தொண்ணூத்தொண்ணு வருது."

"அதுக்கு என்னலே?"

"தொண்ணூத்தொண்ணு பாக்கப் பகா எண் மாதிரியே இருக்கும். பாதிப் பிள்ளைங்க பரீட்சையில அப்படித்தான் எழுதுதுங்க. ஆனா உள்ள ஏழும் பதிமூணும் இருக்கு. ஏழு பதிமூணு தொண்ணூத்தொண்ணு."

"கூட்டுத்தொகை எப்படி இருந்தா என்ன? எண் பகா எண்ணுதானே?"

"எண்ணு பகா எண்ணுதான். நான் இல்லங்கலையே" என்றான். கூட்டுத்தொகை வகுபட்டால் எண்ணும் வகுபட வேண்டும் என்கிற விதி மூன்றுக்கும் ஒன்பதுக்கும்தான், ஏழுக்கெல்லாம் கிடையாது. இது தெரியாதவனா அவன்? ஏன் சொன்னான் என்று எனக்கு அப்போதும் விளங்கவில்லை.

எஸ்தர் ஒரு நவம்பரில் தவறிப்போனாள். அங்கே அது பொதுத்தேர்வுக் காலம். தேர்வுக் காலத்தில் லீவு கேட்க என் மனசாட்சி இடம் கொடுக்காது. அதற்குப் பிறகு வந்த லீவெல்லாம் கோயம்புத்தூரில் மகனோடு கழிந்துவிட்டது. ஆனால் ஞாயிற்றுக்கிழமை போன் நிற்கவில்லை. அவன் மனதை வேறு பக்கம் திருப்ப வேண்டுமே என்று செத்த வீட்டுப் பேச்சையே எடுக்காமல் கணக்கு மட்டும் பேசினேன். வேறு எந்த நண்பன் அதைச் செய்வான்?

சரி. இப்போது வந்தேன், ஒரேயடியாக. மனைவி கோயம்புத்தூரில் மகனோடு தங்கிவிட்டாள். "நீங்க போயி உங்க பகா எண்ணோட இருந்துக்கிடுங்க" என்று சொல்லிவிட்டாள். அவளுக்கு எல்லாமே கேலி. அவன் வீட்டுத் தெருவிலேயே இந்த வீட்டைப் போனிலேயே பேசி வாங்கியிருந்தேன். ஆட்டோவில் வந்து இறங்குகிறேன். நிமிர்ந்தால் எதிரே போர்டு.

முதலில் எனக்குக் கோபமே வரவில்லை, கேட்டீர்களா. சிரிப்புத்தான் வந்தது. போர்டு செய்தவன் துணைக்காலை விட்டுவிட்டு வாலைச் சுழித்துவிட்டான், பகா பகு ஆகிவிட்டது, நாயகமும் பழையபடி கவனிக்கவில்லை என்று நினைத்தேன். எனக்குத் தெரியாமல் கூடத்தைத் திறந்து, நான் வருகிற அன்றைக்குக் காட்டலாம் என்று வைத்திருக்கிறான் என்று நெஞ்சே நிறைந்துவிட்டது. பிறகு எண்ணைப் படித்தேன். பத்தைக் காணோம். ஒரு தப்பு என்றால் கைத்தப்பு. இரண்டு தப்பும் ஒன்றுக்கொன்று பொருந்தி நின்றால்? பெயரும் பகு, எண்ணும் பகு எண். கைத்தப்பில் அப்படிப் பொருத்தம் வராது. யோசித்து, தெரிந்து, காசு கொடுத்துச் செய்தால்தான் வரும்.

பெட்டியை ஆட்டோவிலேயே விட்டுவிட்டு மேலே ஏறிப் போனேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்து சாக்பீஸால் என்னமோ போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"வாலே வேதம். எப்பம் வந்த? சாப்ட்டியா?"

"போர்டுல கால விட்டுட்டாம்லே."

"எந்தக் கால?"

"பகாவோட கால."

"அவன் விடல. நான்தான் வேண்டாம்னேன்."

"பத்து?"

"அதையும் நான்தான் வேண்டாம்னேன்."

எவ்வளவு சாதாரணமாகச் சொல்கிறான், பாருங்கள். உப்பு வேண்டாம் என்கிற மாதிரி. இந்தக் கூடம் தொடங்கி எவ்வளவு நாளாயிற்று என்று கேட்டேன். எஸ்தர் போன மறு வருடமே தொடங்கிவிட்டானாம். அத்தனை ஞாயிற்றுக்கிழமை பேசியிருக்கிறோம் தம்பி! ஒரு வார்த்தை சொன்னானா? "ஏம்லே எங்கிட்ட சொல்லல?" என்றேன். "நீ கேக்கலியே" என்றான். நான் எப்படிக் கேட்பேன்? இல்லாத ஒன்றை எப்படி இருக்கிறதா என்று கேட்பது?

"பகுன்னா வெட்டிப் பிரிக்கது மட்டுமாலே?" என்று ஆரம்பித்தான். "பங்கு வச்சுக் குடுக்கதும் பகுக்கதுதான். ஒரு சோத்துப் பானையப் பத்து பேருக்குப் பகுத்துக் குடுக்கம்லா? இந்தப் பிள்ளைங்களுக்கு நான் அதத்தான் செய்யுதேன். பகாவ வச்சு நான் என்ன செய்ய? யாருக்கும் பங்கு வைக்க முடியாது."

"அப்பம் என் எண்ண எதுக்குத் தொட்ட? வேற எண்ணு இல்லையா உனக்கு?"

"இது ஒன் எண்ணு இல்ல. ஏட்டி இசக்கி, சாருக்குப் போட்டுக் காட்டு."

ஒரு பெண்பிள்ளை எழுந்து தரையில் போட்டாள். பதினொன்றைப் பதினொன்றால் பெருக்கினால் 121. நூற்றுப்பதினொன்றை நூற்றுப்பதினொன்றால் பெருக்கினால் 12321. நான்கு ஒன்று, 1234321. "ஒம்பது ஒண்ணு வரிசையா வச்சு அதாலயே பெருக்கினா போர்டுல இருக்கது வரும் சார்" என்றாள். நான் விடுவேனா? "பத்து ஒண்ணு வச்சா?" என்று கேட்டேன்.

"பத்து ஒண்ணு வச்சா எல்லாம் கெட்டுப்போகும் சார். நடுவுல பத்து வந்துரும். பத்து ஒரு எடத்துல அடங்காது, பக்கத்து வீட்டுல போய் ஏறிக்கிடும்."

எல்லாப் பிள்ளைகளும் சிரித்தார்கள். நாயகமும் சிரித்தான். இந்தத் தடவை முகம் பார்த்தேன், சிரித்தான்.

"பாத்தியா வேதம்? இத இதுகளே போட்டுப் பாத்துக்கிடும். ஒன் எண்ணு பெரிய எண்ணுதான். ஆனா அதுங்களுக்கு நான் எப்படிக் காட்டுவேன்? முந்நூத்தி அம்பது கோடி வரைக்கும் வகுத்துப் பாருன்னா? வேதமாணிக்கம் சொல்லியிருக்காரு, நம்பிக்கோன்னுதான் சொல்லணும். நம்பிக்கிட்டே எத்தன வருசம் இருக்க?"

பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தவன் வருடத்தை எதற்கு இழுத்தான்? அவர்கள் இருப்பதே இரண்டு மூன்று வருடம்தான். ஆனால் அவன் வாதம் எப்போதுமே அப்படித்தான், படி தாண்டித் தாண்டிப் போகும். கணக்கில் படி தாண்டினால் மார்க் போடமாட்டார்கள் என்று அவனுக்கு நான் எவ்வளவு சொல்லியிருக்கிறேன்.

நான் இறங்கி வந்தேன் தம்பி. அவ்வளவு தூரம் இறங்கினேன். "பேரு உன் இஷ்டம், காலைப் போட வேண்டாம். பத்தை மட்டும் போடு. நான் வேறு எதுவும் கேக்கல" என்றேன். ஒரு மனிதன் இதைவிடக் குறைவாக என்ன கேட்க முடியும்? பாடம் நடத்த இடம் கேட்கவில்லை. பங்கு கேட்கவில்லை. பத்து. அதைப் பார்த்தால் இந்த ஜன்னலை நான் திறந்து வைப்பேன், அவ்வளவுதான்.

அவன் எழுந்து வந்து என்னோடு கீழே தெருவுக்கு இறங்கினான். இரண்டு பேரும் நின்று அண்ணாந்து பார்த்தோம். "பத்த மட்டும் போட முடியாது வேதம். ஒண்ணு, சைபரு, அதுக்குப் பெறகு இன்னொரு ஒம்பது. மூணு எழுத்து வேணும். இந்தக் கோடிச் சுவருலருந்து அந்தக் கோடிச் சுவரு வரைக்கும் எழுத்து தொட்டுக்கிட்டு நிக்கி. இடமில்ல."

போர்டைத்தான் சொன்னான். நானும் நன்றாகப் பார்த்தேன். உண்மையிலேயே இடமில்லை.

எனக்கு அப்போதுதான் கோபம் தலைக்கேறியது. "அப்படின்னா நான் இந்த ஊர்லயே இல்ல. வீட்ட வாடகைக்கு விட்டுட்டு கோயம்புத்தூர் போயிருதேன்" என்று சொல்லிவிட்டேன். கோபத்தில் சொல்வதுதான். யாரும் அதைப் பிடித்துக்கொள்ள மாட்டார்கள். ஒரு நண்பன் என்றால் என்ன செய்ய வேண்டும்? சரி, இன்றைக்கு ஆத்திரத்தில் இருக்கிறான், இரண்டு நாள் கழித்துப் போய்க் கதவைத் தட்டுவோம், போகாதலே என்று ஒரு சொல் சொல்வோம். இவ்வளவுதானே? எழுத்தைக் குறுக்கினால் இடம் வராதா? நான் கணக்குப் போட்டே வைத்திருக்கிறேன், ஒவ்வொரு எழுத்திலும் கொஞ்சம் கொஞ்சம் குறைத்தால் போதும். வந்தான் என்றால் காட்டலாம் என்றுதான்.

நான் காத்திருக்கிறேன் என்று நினைக்காதீர்கள். இந்த நாற்காலி ஜன்னல் பக்கம் கிடப்பது காற்றுக்காக.

அவன் அன்றைக்கு அதற்கு என்ன பதில் சொன்னான் தெரியுமா? ம். போனில் போடுவானே, அதே ம். நானும் அதோடு வந்துவிட்டேன். கோயம்புத்தூருக்கும் சொல்லவில்லை. மனைவிக்குத் தெரிந்தால் வேறு கேலி. வாசலில் டூலெட் போர்டும் மாட்டவில்லை. ஒருவரிடமும் மூச்சு விடவில்லை, நாயகத்திடம் மட்டும்தான்...

ஒரு நிமிடம்.

தம்பி, இந்த வீடு வாடகைக்கு விடுகிறார்கள் என்று உங்களிடம் யார் சொன்னது?

இல்லை, சொல்லுங்கள். தயங்க வேண்டாம்.

உங்கள் மகள் எதிரே படிக்கிறாளா. ஓ. பக்கத்திலேயே வீடு இருந்தால் வசதி என்று கேட்டீர்களா. கேட்டது தப்பில்லை. யாரும் கேட்பார்கள். நாயகம் சாரேதான் சொன்னாரா? எதிர்த்த வீடு காலியாகிறது, போய்ப் பாருங்கள் என்று?

காலியாகுமோ ஆகாதோ என்று நீங்கள் கேட்டிருப்பீர்களே. கேட்டீர்களா? அதற்கு என்ன சொன்னான்? மரியாதை கூட்டிச் சொல்ல வேண்டாம். அவன் சொன்ன மாதிரியே சொல்லுங்கள். எனக்கு வேண்டியது அதுதான்.

"வாரேன்னு சொன்னா வரமாட்டான். போறேன்னு சொன்னா போயிருவான். தைரியமாப் போய்ப் பாருங்க."

ம்.

இல்லை, ஒன்றுமில்லை. வெளிச்சம் கண்ணில் அடிக்கிறது, அந்த ஜன்னலைக் கொஞ்சம் சாத்துங்கள். எழுந்திருங்கள் தம்பி, இந்தப் பக்கம் வாருங்கள். சமையலறையை நீங்கள் பார்க்கவே இல்லையே.